இரைச்சல் என்று கழித்தது

அத்தியாயம் 14

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன் என உமாமகேஸ்வரி போன வாரம் வாக்குக் கொடுத்தாள் அல்லவா, அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

விடிந்ததைக் கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அருவங்காட்டில் ஆடியில் பிடித்த மழை, பதினோரு நாளாக விடவே இல்லை. உப்பைக் கரண்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசை வீட்டு வேலாமணி ஆடி மாதம் காயப்போட்ட மூத்த மகனின் சட்டை ஐப்பசியில்தான் காய்ந்தது. அதற்குள் அவனுக்கு அது பற்றாமல் போய், இளையவனுக்குக் கச்சிதமாக இருந்தது.

சாவி என்றால் பீரோச் சாவி அல்ல. 'சல்லடை' என்று ஒரு மென்பொருள். பாட்டு, பேச்சு எதைப் பதிவு செய்தாலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைச் சலித்துக் கழித்துவிடும். உமா எழுதியது. காசு கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் வந்த திருத்தத்தைச் சேர்ப்பதும் தள்ளுவதும், புதுப் பதிப்பை வெளியிடுவதும் சாவி வைத்திருப்பவர் பாடு. பதினோரு வருஷமாக அந்தச் சாவி உமாவிடம் மட்டும்.

குன்னூரில் தேயிலைத் தரகர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சுவை பார்ப்பவர் வாயில் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சொல்வதை எல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும். 'நிறம் உண்டு, தெம்பு இல்லை' என்று நேற்று ஒரு தேயிலையைப் பற்றிச் சொன்னார். உமா தலை நிமிர்ந்து, தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் கணினியைத் திறந்தாள். பதினேழு புகார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தோல்பைக் குழல் ஊதிப் பதிவு செய்து சல்லடையில் போட்டிருக்கிறார். குழலின் ரீங்காரம் முழுக்கப் போய், அவர் மூச்சிரைப்பது மட்டும் மிஞ்சியதாம். டாக்டரிடம் போகச் சொல்லி மனைவி ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். இன்னொரு தேசத்தில் நாற்பது பிட்சுக்கள் ஒன்றாக ஓதியதைப் போட்டதில், நாற்பது பேரும் காணாமல் போய் ஒரு இருமல் மட்டும் தங்கியிருக்கிறது. இருமியவர் யார் என்று மடத்தில் விசாரணை நடக்கிறதாம்.

எல்லாம் ஒரே புகார்தான். எண் இருநூற்றுப் பன்னிரண்டு. விடாமல் ஒரே அளவில் ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்பது சல்லடையின் நம்பிக்கை. மின்விசிறிக்கும் மழைக்கும் அது பொருந்தும். சுருதிக்குப் பொருந்தாது.

'இது பிழை அல்ல. மென்பொருள் சொன்னதைத்தான் செய்கிறது' என்று எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டை இதுவரை ஒன்பது முறை மூடியிருந்தாள். பத்தாவது முறை மூடக் கை வரவில்லை. கை வலித்தது. நேற்றைய தேயிலை, முந்தாநாள் துணி, அதற்கும் முந்தின புகார்கள் என்று எல்லாம் சேர்ந்து மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தன.

சட்னி அரைக்கப் போனாள்.

"ஏன்டா ரமணா, இந்த ஊட்டுல சட்னிக்கு உப்புப் போடறது நின்னு போச்சான்னு கேளு."

கேட்டவர் மாமனார் இராஜமாணிக்கம். வயது எழுபது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் அவருக்கு மூன்றடி தூரத்தில் தோசைக் கரண்டியோடு நின்றாள்.

"உப்பு ஜாடியோட கரஞ்சு போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் உமா, புருஷனிடம்.

"கரஞ்சு போச்சாமுங்கப்பா" என்றான் ரமணன்.

"காதுல உழுந்துச்சு."

இரண்டு வருஷமாக இப்படித்தான். ரமணன் வீட்டில் இல்லாதபோது அவர் சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜிடம் சொல்வார். எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் என்று அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதை.

சண்டை வந்த கதை தெரியாதவர்களுக்கு: எண்பத்தேழில் தொழிற்சாலைப் பொங்கல் விழாவில் இராஜமாணிக்கம் ஒரு பாட்டுப் பாடினார். அதன் கேசட் ஒன்று இருந்தது. பூஞ்சை பிடித்த கேசட். மாமனாரின் அறுபத்தெட்டாவது பிறந்த நாளுக்கு உமா அதைக் கணினியில் ஏற்றினாள். ஒரே ஒரு முறை ஓடி, நாடா அறுந்துபோனது. ஏற்றியதைச் சல்லடையில் போட்டுச் சுத்தம் செய்து, பழையதன் மேலேயே சேமித்தாள். உறவுக்காரர் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள்.

பின்னால் இருந்த சுருதிப்பெட்டி ஓசை அறவே இல்லை. குரல் மட்டும் தனியாக, வழி தவறியவர் போல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, ஆட்டத் தொலச்சுட்டுக் கூப்பிடற மாதிரி இருக்குதுங்க" என்றார் அவர் தம்பி ரவிச்சந்திரன். வீடே சிரித்தது. உமாவும் சிரித்தாள்.

"சுருதி எங்கே?" என்றார் இராஜமாணிக்கம்.

"அது இரைச்சலுங்க மாமா. எடுத்துட்டேன்."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. மனிதர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து காலைப் பலகாரம் முடிந்ததும் உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சர்டிபிகேட் அனுப்புகிறேன் என்பார். இரண்டு வருஷமாக ஒரு மனிதர் தாம் உயிரோடு இருப்பதை நாள் தவறாமல் நிரூபித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ரமணனும் அதே தொழிற்சாலைதான், ஸ்டோர்ஸ். சனிக்கிழமை ஓவர்டைம். மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்த மைக்ரானுக்குச் சாவியக் குடுக்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"என்னால முடியலீங்க. இன்னைக்குப் பதினேழு புகாரு. யாராச்சும் எடுத்துட்டுப் போனாப் போதும்னு இருக்குது."

"மொகம் பாக்காதவனுக்கு எப்படிக் குடுப்ப? நாளைக்கே அவன் உள்ள ஏதாவது விஷமத்த எழுதி வெச்சான்னா, ஒலகம் பூரா அத்தன கம்ப்யூட்டருக்கும் போகுமுல்ல. உம் பேருல."

"மொகம் பாத்தவங்கதான் ரெண்டு வருஷமா எங்கூடப் பேசறதில்லையே. அவுரு அனேகமாத் தெனமும் எழுதறாருங்க."

இரண்டு பக்கத்துக்கும் தபால் சுமந்தே ரமணனின் தோள் இறங்கிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனான்.

மைக்ரான் என்பது ஒரு புனைபெயர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஆள். முதலில் அனுப்பிய திருத்தங்கள் படு மோசம். மூன்றாம் மாதம் பரவாயில்லை. ஒரு வருஷத்தில் உமாவே பார்க்கத் தவறியதை எல்லாம் பிடிக்க ஆரம்பித்தான். எழுதுவது ஆங்கிலத்தில். ஆனால் 'தங்கள் மேலான பார்வைக்கு', 'ஆவன செய்யக் கோருகிறேன்' என்கிற தினுசு. நாக்பூர் பக்கம் ஏதோ மத்திய அரசு அலுவலகத்தில், எண்ணெய் வைத்துப் படியச் சீவிய, கல்யாணம் ஆகாத ஓர் இளைஞன் என்று உமா முடிவு கட்டியிருந்தாள்.

இதுவரை அறுநூற்றுப் பதினான்கு கடிதங்கள். புகார் அடுக்கடுக்காக வந்த ஒரு நாள், மனசு விட்டு அவனிடம் எழுதியும் இருக்கிறாள். 'வீட்டில் ஒரு பெரியவர். பாட்டைச் சுத்தம் செய்ததற்காக என்னோடு பேசுவதில்லை. அவருக்கு ரோஷம் அதிகம், சுருதி கம்மி.' நாலு நாள் அவனிடமிருந்து பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் ஒரே வரி வந்தது: 'பெரியவர் விஷயத்தைத் தாங்கள் மறுபரிசீலனை செய்யலாம்.'

நல்ல பையன், பெரியவர்களை மதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் மைக்ரான் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். 'இது சுருதி, இதைத் தொடாதே' என்று சல்லடைக்குக் காட்டிக்கொடுக்கும் வழி. கூடவே நாற்பது விநாடிச் சோதனைப் பதிவு ஒன்று. உமா அதைத் திறக்கவே இல்லை. திறந்து சரியாக இருந்தால், ஒன்பது முறை தான் மூடியது தப்பு என்று ஆகிவிடும். சாவி கொடுக்கும் நாளில் இனியும் தள்ள முடியாது.

பாத்திரம் கழுவி, துணியை அடுப்பு மேல் கொடியில் மாற்றிப் போட்டு, உட்காரும்போது மணி இரண்டு. உள்ளறையில் மாமனார் ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தட்டும் சத்தம். டொக். டொக். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார்.

ஹெட்போனை மாட்டினாள்.

ஒரு திருத்தத்தைச் சோதிக்க எல்லோரும் சுத்தமான பகுதியைக் கேட்பார்கள். உமா அப்படி அல்ல. கழித்து ஒதுக்கிய குப்பையை 'மிச்சம்' என்று தனியாகச் சேமித்து, அதைத்தான் முதலில் கேட்பாள். நல்லது ஏதும் அதில் தவறிப்போய்க் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

மிச்சத்தில் மழை பெய்தது. தகரத்தில் பெய்யும் மழை. நாக்பூரிலும் தகரம் இருக்கும்.

பிறகு ஒரு சங்கு ஊதியது.

சளி கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கி, மலைச்சரிவெல்லாம் ஏறி இறங்கித் தேய்கிற சங்கு. தொழிற்சாலைச் சங்கு. உமா ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே சங்கு இல்லை. மணி இரண்டு பத்து. அது சங்கு ஊதும் நேரமும் இல்லை.

மறுபடி மாட்டினாள். குக்கர் ஒன்று விசிலடித்தது. அதற்குப் பின்னால் ஒரு பொம்பளையின் குரல்.

"ஏனுங்க! பக்கத்து ஊட்டு மோட்டார நிறுத்தச் சொல்லுங்க! காதுக்குள்ள கொய்யுங்குது! காலங்காத்தால தண்ணி ஏத்தறாங்களாமா தண்ணி!"

யாரிந்த அடங்காப்பிடாரி என்று உமாவுக்கு எரிச்சலாக இருந்தது. நாக்பூரில் இவ்வளவு நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறார்களே என்று ஒரு கணம் ஆச்சரியமும் பட்டாள். மூன்றாம் முறை கேட்டபோதுதான் குக்கரை அடையாளம் தெரிந்தது. வெயிட் தேய்ந்து, நாய்க்குட்டி மாதிரி அழும் குக்கர். அவளுடையது. அதற்கப்புறம்தான் குரலையும் தெரிந்தது.

சுத்தமான பகுதியைத் திறந்தாள். அதில் கொய்யென்று ஒரே ஓசை. பக்கத்து வீட்டு மோட்டார் அல்ல. பக்கத்து வீட்டில் மோட்டாரே கிடையாது. சுருதிப்பெட்டி. யாரோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காதபடி மெல்ல அழுத்தியிருக்கிறார்கள்.

புதிய திருத்தம் பிரமாதமாக வேலை செய்திருந்தது. சுருதியைச் சுருதி என்று வைத்துக்கொண்டு, மருமகளின் குரலை இரைச்சல் என்று கழித்திருந்தது.

உமா எழுந்தாள். உள்ளறைக் கதவருகே போய் நின்றாள். தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே டொக், டொக். ரோஷம் அதிகம், சுருதி கம்மி. அதைத் தன் கையாலேயே எழுதி, அந்த அறைக்கே அனுப்பிவைத்திருக்கிறாள். தூக்கிய கை தட்டாமலே இறங்கியது.

திரும்பி வந்து, மைக்ரானுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள்: 'சோதனைப் பதிவில் சுருதிப்பெட்டி அழுத்துவது யார்?'

அனுப்பியதும் சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்றது.

டொக் டொக் நின்றது. மழை மட்டும். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டும் சத்தம். தேட வேண்டியிருந்ததற்குக் காரணம், பதில் திரையில் வந்தபோது தெரிந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தமிழில் வந்திருந்தது.

'நான். எண்பத்தேழில் அழுத்தியது புஷ்பவல்லி. கூடப் பாடு என்றேன். நான் பாடினால் ஊர் சிரிக்கும், பெட்டி அழுத்துகிறேன் என்றாள். அந்தக் கேசட்டில் அவள் அது மட்டும்தான்.'

புஷ்பவல்லி உமாவின் மாமியார். காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய குரல் எங்கும் பதிவாகவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவ்வப்போது வருத்தப்படுவது உண்டு.

உமா அந்த நாலு வரியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் தெம்பு வேண்டுமாயிருந்தது. தன் பாட்டைக் கேட்டு ஊர் சிரித்த கோபம் என்றுதானே இரண்டு வருஷம் நினைத்தாள். மனிதர் அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. சுருதி எங்கே என்றுதான் கேட்டார்.

ஆனால் ஒன்று. பரிதாபத்துக்காகச் சாவி கொடுக்கிற வழக்கம் சல்லடையில் இல்லை. திருத்தத்தைத் திறந்து முதல் வரியில் இருந்து படித்தாள். இரண்டு இடத்தில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்பினாள். ஒன்றை உடனே சரி செய்து அனுப்பினார். இன்னொன்றுக்குத் தாம் செய்ததே சரி என்று எட்டு வரியில் வாதாடினார். படித்துப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. ஸ்காட்லாந்துக் குழலைப் போட்டுப் பார்த்தாள். ரீங்காரம் முழுசாக இருந்தது. நாற்பது பிட்சுக்களும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டில், 'இது பிழைதான். என்னுடையது' என்று எழுதினாள்.

ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது சாவியைக் கொடுத்தாள்.

பாரம் இறங்கியது போல் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் முதுகு கூன் விழுந்தபடியே இருக்குமே, அப்படி இருந்தது.

ஆறு ஐந்துக்குச் சாவிக்காரர் முதல் காரியத்தைச் செய்தார். பொறுப்பாளர் பட்டியலில் இருந்து உமாமகேஸ்வரியின் பெயரை நீக்கினார்.

ரமணன் காலையில் சொன்னது உமாவின் காதில் கேட்டது. அடுத்த நொடி ஓர் உத்தரவு வந்தது.

'பொருள்: விடுப்பு. பதினோரு வருடங்களில் தாங்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்பது இவ்விடத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. நாளை முதல் முப்பது நாள் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. முடிந்ததும் பெயர் மீண்டும் சேர்க்கப்படும். அதுவரை புகார்களை இவ்விடம் பார்த்துக்கொள்ளும். மைக்ரான்.'

இரண்டு முறை படித்தாள். சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"லீவெல்லாம் எனக்கு வேண்டாமுங்க, மாமா."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒரு முறை முனகியது. பிறகு டொக். டொக். டொக்.

'ஆபீஸ் விஷயங்கள் எழுத்தில் மட்டும்.'

உமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசிப்பதற்குள், அதன் கீழே இன்னொரு வரி விழுந்தது.

'கழித்ததையும் மீந்ததையும் கூட்டினால் பழையது அப்படியே திரும்ப வரும் என்பதைத் தங்கள் மென்பொருளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். என் பாட்டிலிருந்து கழித்த மிச்சம் தங்களிடம் உள்ளதா?'

இருந்தது. எதைக் கழித்தாலும் அவள் மிச்சத்தைத் தனியாகச் சேமித்துவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால், அப்போது வைத்திருந்த கறுப்பு லேப்டாப்பில் இருக்கும். மூடி உடைந்து, பீரோ மேல் கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தாள். பீரோ மேல் லேப்டாப் அளவுக்கு ஒரு சதுரம் தூசியில்லாமல் இருந்தது.

வாசலில் செருப்பை உதறும் சத்தம். ரமணன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஏனுங்க, பீரோ மேல இருந்த அந்தக் கறுப்பு லேப்டாப் எங்கீங்க?"

குடை பாதி மடிந்த நிலையில் அப்படியே நின்றது. உள்ளறையில் டொக் டொக்கும் நின்றிருந்தது.